எத்தனை பை குறுணிக்கல்?

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் கடைசியில் நகரசபையிலிருந்து எனக்கு ஒரு கேள்வி வரும். இந்தக் குளிர்காலத்துக்குப் பாடசாலை முற்றத்துக்கு எத்தனை பை குறுணிக்கல் வேண்டும்? ஐஸில் கால் வழுக்காமல் நிலத்தில் தூவுகிற சின்னக் கல் அது. பை என்றால் அரிசிப் பை இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தொன் பிடிக்கும் வெள்ளைச் சாக்கு. இயந்திரம் வந்துதான் இறக்கிவைக்க வேண்டும். கேட்கிறவர் என்னவோ பேனா பென்சில் கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்கிறார். ஆனால் அந்த ஓர் எண்ணைச் சொல்ல நான் ஏப்ரல் வரைக்குமான வானிலையைத் தீர்மானித்தாக வேண்டும். பெரிய பெரிய கணினிகளே தடுமாறுகிற விஷயம் அது.

நான் இருப்பது வார்டோவில். நோர்வேயின் வடகிழக்கு ஓரத்தில், பேரன்ட்ஸ் கடலுக்குள் தள்ளி நிற்கிற ஒரு தீவு. இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது. சொன்னால் ஒஸ்லோக்காரரே வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்கள். 1982இல் கடலுக்கு அடியால் ஒரு சுரங்கப்பாதை வெட்டித் தீவைக் கரையோடு இணைத்தார்கள். 2.9 கிலோமீற்றர் நீளம், ஆழமான இடம் கடல்மட்டத்திலிருந்து 88 மீற்றர் கீழே. நோர்வேயின் முதல் கடலடிச் சுரங்கம் அதுதான். நான் வந்தது அதற்குப் பிறகு, 1980களின் கடைசியில், வார்டோ இருக்கிற ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்கு எங்கள் ஆட்கள் வந்து இறங்கிய காலத்தில். இலங்கையின் வடக்கு முனையான பருத்தித்துறையில் பிறந்தவன் நோர்வேயின் கிழக்கு முனையில் வந்து நின்றேன். எனக்கும் முனைகளுக்கும் ஏதோ பொருத்தம்.

தொழிற்சாலையில் பல வருடம் மீன் வெட்டினேன். இப்போது இங்கே ஒரு பாடசாலையில் வக்ட்மெஸ்டர், அதாவது பராமரிப்பாளன். கதவு, பல்ப், தண்ணீர்க்குழாய் எல்லாம் என் பொறுப்பு. ஆனால் ஒக்டோபர் தொடங்கினால் என் உண்மையான வேலை ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் விழாமல் வகுப்புக்குள் போய்ச் சேரவேண்டும்.

ஊரிலிருந்து யார் கதைத்தாலும் கேட்பது, "குளிர் எப்படி?" என்றுதான். எங்களுக்குக் குளிர் பெரிய பிரச்சினையே இல்லை என்று சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். வார்டோ 70 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதே அகலாங்கில் அலாஸ்காவின் வடகரையில் கடல் வருடத்தில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். எங்கள் கடல் உறைவதில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தின் இளஞ்சூட்டு நீரோட்டம் நோர்வேயின் மேற்குக் கரை நெடுகிலும் ஏறி, முனையைச் சுற்றிப் பேரன்ட்ஸ் கடலுக்குள் வருகிறது. நடுக் குளிர்காலத்திலும் அந்தத் தண்ணீர் பூச்சியத்துக்குச் சில பாகை மேலேயே நிற்கும். நாட்டின் மிகக் கடும் குளிர் பதிவானதும் இதே ஃபின்மார்க்கில்தான்: காராஷோக்கில், 1886 ஜனவரி 1ஆம் தேதி, மைனஸ் 51.4 பாகை. ஆனால் காராஷோக் உள்நாடு. நேர்கோட்டில் எங்களிடமிருந்து 250 கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது, காலநிலையில் வேறொரு கிரகம். நவம்பரில் எங்கள் சராசரி வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும்.

அந்தப் பூச்சியம்தான் என் எதிரி.

மைனஸ் 10 நேர்மையானது. பனி வறண்டு சீனிபோலக் கிடக்கும், மிதித்தால் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்கும், சப்பாத்து நிலத்தைப் பிடிக்கும். பூச்சியம் அப்படியில்லை. காலையில் பிளஸ் ஒன்று, மழை. மத்தியானம் அரைப் பாகை, கொழகொழவென்று ஈரப்பனி. இரவு மேகம் விலகினால் மைனஸ் 3. விடிய எழும்பிப் பார்த்தால் முற்றம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு மேலே திரும்பவும் மழை. ஐஸுக்கு மேல் மெல்லிய தண்ணீர்ப்படலம் நிற்கும்போதுதான் வழுக்கல் உச்சத்துக்குப் போகும். அதற்கு இங்கே தனிச்சொல்லே உண்டு, ஹொல்க என்பார்கள். நீங்கள் போட்ட குறுணிக்கல் பகல் ஈரத்தில் அமிழ்ந்துவிடும், இரவு அதன்மேல் புது ஐஸ் மூடும். காலையில் கல்லைக் கண்ணால் பார்க்கலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நகைபோல. காலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மைனஸ் 10இல் நின்றால் எனக்கு ஒரு பை ஒரு மாதம் வரும். பூச்சியத்தைச் சுற்றி ஊஞ்சலாடினால் ஒரு கிழமையில் சாக்கின் அடி தெரியும்.

ஆகவே எதிர்வுகூறலில் மில்ட்வேர் என்ற சொல் வரும்போது, அதாவது மிதமான காலநிலை வருகிறது என்று அறிவிப்பாளர் சிரித்த முகத்தோடு சொல்லும்போது, நான் மண்வெட்டியைத் தேடப் போவேன். ஒரு நவம்பரில் இதைப் பாடமாகவே படித்தேன். பிளஸ் ஒன்று, காற்றும் இல்லை, வானமும் அமைதி. படலையைத் திறக்க இருபது அடி நடக்கத்தானே என்று சப்பாத்துக்கு முள் மாட்டாமல் போனேன். (புரொட்டர் என்று விற்கிறார்கள், ரப்பர் வாரில் இரும்பு முள் வைத்தது. வார்டோவில் தொண்ணூறு வயது மூதாட்டியும் அது இல்லாமல் வாசற்படி இறங்கமாட்டார்.) உறைந்த நிலத்தில் தூறல் விழுந்து, விழுந்த இடத்திலேயே ஐஸாகியிருந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. முற்றத்துக்குக் கல் போடுகிறவனே முற்றத்தில் விழுந்தான் என்று பிள்ளைகள் கட்டுத்துணியில் படம் கீறிப்போட்டார்கள்.

தொழிற்சாலைக் காலத்தில் வானிலையை வேறு கண்ணால் பார்த்தோம். அப்போது அது சம்பளம். கடலில் புயல் என்றால் படகு போகாது, படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் வேலை இல்லை, வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஒருவருக்கும் நோர்வீஜிய மொழி ஒழுங்காக வராது. ஆனால் ரேடியோவில் கடலோர வானிலை வாசிக்கும்போது சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். நன்றி, வணக்கத்துக்கு அடுத்தபடி நாங்கள் கற்ற சொல் கூலிங். 'கு'வையும் 'லி'யையும் கேட்டால் ஏதோ கூலிக் கணக்குப் போலத் தோன்றும், ஒரு வகையில் அதுவும் சரிதான். கூலிங் என்றால் பலத்த காற்று. சின்னக் கூலிங் நொடிக்கு ஏறக்குறைய 11 மீற்றரில் தொடங்கும். அதற்கு மேல் கடுங்கூலிங், வன்கூலிங். 21 மீற்றருக்குக் கிட்டப் போனால் சின்னப் புயல், 32.6ஐத் தாண்டினால் ஒர்கான். வன்கூலிங் என்று வாசித்தால் எங்களில் ஒருவன் நாளைக்கு லீவு என்பான், இன்னொருவன் வீட்டுக்கு அனுப்ப வைத்த காசை எண்ணத் தொடங்குவான்.

பருத்தித்துறையில் எங்கள் ஐயா காற்றுக்குப் பெயர் சொல்லித்தான் கடலைப் பற்றிக் கதைப்பார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான். திசையைச் சொன்னாலே மழையா, மீனா, வள்ளம் தள்ளலாமா என்று எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இங்கேயும் அப்படித்தான் என்று விளங்க எனக்குச் சில வருடம் எடுத்தது. வார்டோவில் குளிர்காலத்துத் தென்மேல் காற்று உள்நாட்டுக் குளிரைக் கொண்டுவரும்: வானம் தெளிவாக இருக்கும், முகத்தை அறுக்கும், கடலில் ஆவிபறக்கும். வடக்கிலிருந்து அடிப்பது கடற்காற்று. வெப்பநிலையைப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு பனிப்பொழிவைத் தூக்கி எறியும். நடுவில் வானம் வெளித்து நட்சத்திரம் தெரியும், நம்பி வெளியே வந்தால் அடுத்தது வரும். திசை தெரியாமல் வெப்பநிலையை மட்டும் பார்ப்பவன் இங்கே புதியவன்.

இப்போது எல்லோரும் ஈர் என்ற தளத்தைத்தான் பார்க்கிறோம். நோர்வே வளிமண்டலவியல் நிலையமும் அரச வானொலியும் சேர்ந்து 2007இல் தொடங்கியது. ஈர் என்றால் அவர்கள் மொழியில் தூறல். தரவு முழுவதையும் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள், நான் பருத்தித்துறை மழையையும் அதில்தான் பார்க்கிறேன். ஆனால் அதிலுள்ள சூரியன், முகில் படங்களை நான் கவனிப்பதில்லை. முதலில் காற்றின் வேகம், அடுத்தது திசை, மூன்றாவது வெப்பநிலைக் கோடு பூச்சியத்தை எத்தனை தரம் வெட்டுகிறது என்பது. இரண்டு மூன்று நாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஐந்தாம் நாளில் ஒரு கண்ணைத் திறந்துவைக்க வேண்டும். அதற்கு அப்பால் வாசிப்பது என்னைப் பொறுத்தவரை பொழுதுபோக்கு.

இரண்டு நாளுக்குள்ளேயே ஆளை ஏமாற்றுகிற ஒன்று உண்டு. துருவத் தாழமுக்கம்.

வடக்கே ஐஸ் மூடிய கடலின்மேல் கிடக்கும் கடுங்குளிர்க் காற்று சிலவேளை அப்படியே தெற்கே வழிந்து எங்கள் சூடான கடலுக்குமேல் வரும். சூடு என்றால் நாலைந்து பாகைதான், ஆனால் மைனஸ் 20இல் வருகிற காற்றுக்கு அது கொதிக்கிற பானை. கடல் மேற்பரப்புக்கும் ஐந்து கிலோமீற்றர் உயரத்துக்கும் இடையில் 40 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் கீழ்க்காற்று பொங்கி எழும்பும், சுழலத் தொடங்கும். செய்மதிப் படத்தில் பார்த்தால் நம்முடைய வங்காள விரிகுடாச் சூறாவளியின் குட்டிபோல நடுவில் கண்ணோடு இருக்கும். குறுக்களவு சில நூறு கிலோமீற்றர். ஆயுள் ஒரு நாள், கூடினால் இரண்டு. கரையேறினால் சூடு கிடைக்காமல் செத்துப்போகும். ஆனால் கரையேறும் அந்தச் சில மணி நேரத்தில் சின்னக் காற்று புயலாகிவிடும், கண்முன்னால் கை தெரியாத பனி கொட்டும். ஒக்டோபரிலிருந்து மே வரைக்கும் எப்போதும் வரலாம். செய்மதி வருவதற்கு முன் மீனவர்கள் இதைச் சொன்னபோது யாருக்கும் அதைக் காட்டக் கூடிய படம் இருக்கவில்லை. அந்தப் பெரிய கடலில் அளவெடுப்பதற்கு இன்றைக்கும் அதிகம் இடமில்லை. யான் மாயன் தீவிலும் கரடித்தீவிலும் பலூன் விடுகிறார்கள், போகிற கப்பல்கள் சொல்கின்றன, மிச்சம் மேலேயிருந்து செய்மதி.

எனக்கு முதல் அனுபவம் வந்த இரண்டாம் வருடம். மாலை நாலு மணிக்கு வேலை முடிந்து வெளிக்கிட்டபோது இலேசான காற்று. வீடு எண்ணூறு மீற்றர். பாதி தூரத்தில் யாரோ விளக்கை அணைத்தமாதிரி எல்லாம் வெள்ளையாகியது. இருட்டு என்றால் பழக்கம், வெள்ளை இருட்டுப் பழக்கமில்லை. ஒரு வேலியைத் தடவிக்கொண்டு போனேன், வேலி முடிந்தது. அடுத்த வேலியை எதிர்பார்த்து நடந்தவன் ஒரு படகைத் தொட்டேன். துறைமுகத்துக்கு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. இன்னும் நாலடி போயிருந்தால் தண்ணீர். அந்தப் படகோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளித்தபோது தெருவிளக்குகள் ஒன்றும் நடக்காத மாதிரி எரிந்துகொண்டிருந்தன. எங்களை மைனஸ் 51இலிருந்து காப்பாற்றுகிற அதே சூட்டுத் தண்ணீர்தான் இந்தக் குட்டிப் பிசாசையும் பெறுகிறது.

பழைய ஆட்கள் எப்படி முன்கூட்டிச் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ரோன் மரத்தின் சிவப்புப் பழத்தைப் பார்ப்பார்களாம். மரம் ஒரே வருடத்தில் இரண்டு பாரம் சுமக்காது, ஆகவே பழம் நிறைந்தால் பனி குறையும் என்பது ஒரு கட்சி. பழம் நிறைந்தால் பனியும் நிறையும் என்பது மறு கட்சி. இரண்டு கட்சிக்கும் வார்டோவில் வேலையில்லை, மரம் வேண்டுமே! இங்கே காற்றுக்கு மரம் நிற்காது. வார்டோஹூஸ் கோட்டைக்குள் மட்டும் ஒரேயொரு ரோன் மரம் இருந்தது. குளிர்காலம் வந்தால் படைவீரர்கள் அதைக் குழந்தைபோலச் சுற்றிக் கட்டிவைப்பார்கள். 1974இலும் 1981இலும் பூத்தது, 2002இல் பட்டுப்போனது. வாழ்நாளில் இரண்டு தரம் பூத்த மரத்தை வைத்து எத்தனை குளிர்காலத்துக்குச் சாத்திரம் சொல்ல முடியும்?

அதைவிடப் பிரிம்ஸ்தாவ் என்ற மரக்கட்டை நாட்காட்டி மேல். ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் குளிர்காலம். ஒக்டோபர் 14ஆம் தேதி கட்டையைத் திருப்புவார்கள். அந்த நாளுக்கு ஒரு கையுறைப் படம். இன்றைய சட்டமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: வட நோர்வேயில் முள் டயர் போட அனுமதி ஒக்டோபர் 16இலிருந்து. நவம்பர் 23க்கு ஒரு நங்கூரம். கிளெமென்ட் என்ற புனிதருடைய நாள். அவரை நங்கூரத்தோடு கடலில் வீசினார்கள் என்பது கதை. கடற்கரைச் சனம் அதைப் படகைக் கட்டிவைக்கும் நாளாக எடுத்துக்கொண்டது. எங்களுக்குத் தெற்கே நூர்லாண்ட் கரையை அடித்த இல்வா புயல் 2017 நவம்பர் 23ஐ ஒட்டி வந்தது. 2011இல் பேரிட் வந்ததும் அதே கிழமைக் கணக்கில். 1978இல் மட்டக்களப்பைச் சூறாவளி அழித்ததும் ஒரு நவம்பர் 23தான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் என் மனைவி மட்டக்களப்புப் பெண், அன்றைக்கு என்னைத் தூரப் பயணம் போக விடமாட்டாள்.

அதே 23ஆம் தேதி வாக்கில்தான் எங்களுக்குச் சூரியனும் கடைசி. நவம்பர் 1ஆம் தேதி ஏறக்குறைய ஆறு மணி நேரப் பகல் இருக்கும், மூன்று கிழமையில் அது ஒன்றுமில்லாமல் போகும். வார்டோ இவ்வளவு கிழக்கே இருந்துகொண்டு ஒஸ்லோ நேரத்தைப் பின்பற்றுவதால் எங்கள் உச்சிவெயில் காலை 10.40 அளவில். 10ஆம் தேதி பகல் ஒரு மணி அளவிலேயே சூரியன் விழுந்துவிடும்; மத்தியானச் சாப்பாட்டை இரவுச் சாப்பாடு என்று சொல்லலாம். பிறகு ஜனவரியில் முழு வட்டமும் தெரிகிற நாளில் கோட்டையிலிருந்து பீரங்கி வெடிப்பார்கள், பிள்ளைகளுக்கு லீவு. நடுவிலே நீல வெளிச்சம் மட்டும். இந்த வடக்கின் ஆதிக்குடிகளான சாமி மக்கள் வருடத்தை எட்டுப் பருவமாகப் பிரிக்கிறார்கள், நமக்கு ஆறு. இலையுதிர்காலமும் இல்லாத குளிர்காலமும் இல்லாத இந்த நாட்களுக்கு அவர்களிடம் இலையுதிர்-குளிர்காலம் என்றே தனிப்பருவம் உண்டு. மற்ற நோர்வேக்காரர் நவம்பரைப் பார்த்துச் சலிக்கிறார்கள், அவர்கள் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பைக் கணக்குக்கு வருவோம். மூன்று மாதத்துக்கான பருவகால எதிர்வுகூறலும் வெளியாகிறது, நானும் வாசிக்கிறேன். இந்தப் பக்கத்துக்கு அது சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: வழமையைவிடச் சூடாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இப்படி அகலாங்கு கூடிய வடக்கு நாடுகளில் மூன்று மாதத்துக்கு முன் சொல்வதில் நம்பகம் குறைவு. அத்திலாந்திக் அமுக்கம் ஒரு பக்கம் சாய்ந்தால் மேலைக்காற்று ஈரத்தோடு வரும், மறுபக்கம் சாய்ந்தால் குளிர் இறங்கும், எந்தப் பக்கம் சாயும் என்பது செப்டெம்பரில் யாருக்கும் தெரியாது. ஆனால் சூடு என்ற பந்தயம் பெரிதாகத் தோற்பதில்லை, ஏனென்றால் அடியிலிருக்கிற கடலே சூடாகிக்கொண்டு போகிறது, ஐஸ் விளிம்பு வடக்கே பின்வாங்குகிறது. நான் வந்த காலத்தில் வார்டோவின் ஜூலைச் சராசரி 10 பாகைக்குக் கீழே. பாடப்புத்தகக் கணக்கில் நாங்கள் ஆர்க்டிக் காலநிலை. 1991 முதல் 2020 வரையான புதுச் சராசரியில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம். பட்டம் போனதில் ஊரில் சிலருக்குக் கவலை, சுற்றுலா விளம்பரத்துக்கு ஒரு சொல் குறைகிறதே என்று.

எனக்குக் கவலை வேறு. முன்பு நவம்பர் நடுவில் விழுந்த பனி ஏப்ரல் வரைக்கும் படுத்துக் கிடக்கும், நானும் கொஞ்சம் படுக்கலாம். இப்போது டிசெம்பரிலும் மழை, ஜனவரியிலும் மழை. கோடு பூச்சியத்தை வெட்டிக்கொண்டே இருக்கிறது. வழமையைவிடச் சூடு என்று வாசித்தால் நான் ஒரு பையைக் கூட்டுவேன். அலுவலகத்தில் ஒருமுறை, "சூடான குளிர்காலம் என்கிறார்களே, நீங்கள் ஏன் கூடக் கேட்கிறீர்கள்?" என்றார்கள். மணிக்கட்டைக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

இம்முறை எட்டு எழுதினேன். போன வருடம் ஏழு, மார்ச்சில் அடியைச் சுரண்டினோம்.

நேற்றுத் தங்கச்சி பருத்தித்துறையிலிருந்து எடுத்தாள். அங்கே மாரி தொடங்கி முற்றத்தில் வெள்ளமாம். அவள் கதைக்கும்போது நான் யன்னலால் எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் நிலம் கறுப்பாக, பளபளவென்று, அழகாக இருந்தது. முள்ளை ஒரு காலில் மாட்டியாகிவிட்டது, மற்றக் காலுக்குக் குனிந்தேன்.

"அண்ணை, அங்க இப்ப எத்தினை பாகை?"

"பூச்சியம்."

"பூச்சியமோ! அப்ப இந்த முறை தப்பிட்டியள்."